மிருதங்கம் வாங்கிய மகளுக்கு

கும்பகோணம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலை. நீ வாட்ஸ்அப்பில் மிருதங்கம் பற்றி வரிசையாக அனுப்பின கேள்விகளுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்று பார்த்தேன். நடுவில் அம்மா புகுந்து, நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். பதிவில் அதுதான் தெளிவாகக் கேட்கிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

31 வயதில் தொடங்கலாமா என்ற கேள்வியை விடு. பழைய மிருதங்கம் ஒன்றை வாங்கி கனடாவில், ஸ்கார்பரோ வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தபிறகு அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது! உன் கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இடக்கைக்காரியான நீ, வலக்கைக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தாயே, அது.

வேண்டாம். வாத்தியத்தை அப்படியே திருப்பி வைத்துக்கொள், அவ்வளவுதான். கறுப்புப் பூச்சு உள்ள முகமான வலந்தலை உன் இடக்கைக்கு, கனத்த ஒலி தருகிற முகமான தொப்பி உன் வலக்கைக்கு. இதற்கென்று தனி மிருதங்கம் கிடையாது. வலக்கைக்காரர் வலது காலைச் சற்று நீட்டி அந்தப் பாதத்தின் மேல் வலந்தலைப் பக்கத்தைத் தாங்குவார், இடது கால் மடங்கியிருக்கும். நீ இதையும் மாற்றிச் செய்ய வேண்டும். மிருதங்க உலகில் இடக்கைக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பெரிய பெயரே இருக்கிறது: பழனி சுப்பிரமணிய பிள்ளை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயருக்குச் சமகாலத்தவர், 1962இல் காலமானார். இடக்கைதான். அவர் வாசித்த பதிவுகள் கிடைக்கின்றன. தொப்பியில் அவர் எழுப்புகிற, வழுக்கிக்கொண்டு போகிற குமுக்கி ஒலியைக் கேட்டுப் பார், அதில் வார்த்தை பேசுவது போலிருக்கும்.

ஒரு சிக்கல் மேடையில் வரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கச்சேரியில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். அப்படி உட்கார்ந்தால் வலந்தலை சபையைப் பார்த்தபடி இருக்கும். நீ அதே இடத்தில் உட்கார்ந்தால் தொப்பிதான் சபையைப் பார்க்கும். ஆகவே நீயும் வயலின்காரரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்த நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து உன் கோர்வை, அதாவது முடிவாக மூன்று தரம் வாசிக்கிற சொல்லடுக்கு. எக்செல்லில் கட்டம் போட்டு, வண்ணம் அடித்து அனுப்பியிருந்தாய். மென்பொருள்காரி செய்த வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. 'தகிடதகிட ததிங்கிணதொம்' என்று மூன்று தரம் போட்டிருக்கிறாய். 6 மாத்திரையும் 5 மாத்திரையும் 11. மூன்று தரம் 33. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கும் நான்கு நான்கு மாத்திரையாக, ஓர் ஆவர்த்தனத்துக்கு (ஒரு சுற்றுக்கு) 32தான். கடைசித் 'தொம்' அடுத்த சுற்றின் முதல் தட்டான சமத்தின் மேலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது, அடுத்துப் பாட்டு எடுக்க இடமில்லை. 'தகிடதகிட'வை 'தகதகிட' என்று 5 ஆக்கு. சொற்கட்டு மொத்தம் 10 ஆகும். மூன்று தரம் வாசி. நடுவில் வரும் இரண்டு இடைவெளியிலும் அடிக்காமல் ஒவ்வொரு மாத்திரை கார்வை விடு. 10, 1, 10, 1, 10. சரியாக 32, அடுத்த தட்டு சமம்.

திருத்திக் கொடுத்துவிட்டேன், சந்தோஷம்தானே? இப்போது அந்த எக்செல்லை மூடி வை. ஒரு வருஷத்துக்குத் திறக்காதே.

கோபித்துக்கொள்ளாதே, கயல். கணக்கு உனக்குச் சுலபம். கணக்கு சுலபமாக வருகிறவர்கள் எல்லோரும் அதன் பின்னாலேயே போய்விடுகிறார்கள், நானும் இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். அரங்கேற்றம், பஜனை, உற்சவம் என்று நான் வாசிக்கப் போன இடங்களில், தாளத்தின் ஐந்தரை இடத்தில் எடுப்பு (பாட்டின் தொடக்கம்) வைத்து அசத்துகிற பையன்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அவர்களிடம் 'நம்' என்ற ஒரே ஒரு சொல்லைச் சுத்தமாக வாசி என்றால் தகரத்தில் தட்டினது மாதிரி கேட்கும். உன் கையில் முதலில் நாதம் வர வேண்டும். நான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போவது முழுக்க அதற்குத்தான்.

முதல் பாடம் 'த தி தொம் நம்'. 'த' தொப்பியில் மூடி அடிப்பது. 'தி' வலந்தலையின் நடுவிலிருக்கிற கறுப்புப் பூச்சான சாதத்தின் மேல், விரல்களைச் சேர்த்து. 'தொம்' தொப்பியில் திறந்து அடிப்பது, அடித்த கை உடனே எழும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒலி செத்துப்போகும். 'நம்' தான் கஷ்டம். மோதிர விரல் சாதத்தின் ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க, ஆள்காட்டி விரலால் விளிம்பில் உள்ள தோல் வளையத்தில் அடிக்க வேண்டும். மோதிர விரல் அழுத்தினால் ஒலி அடங்கும், எடுத்துவிட்டால் வேறு ஏதோ சத்தம் வரும். அந்தப் 'பட்டும் படாமலும்' கைக்குப் பிடிபட மாசக்கணக்கில் ஆகும். ஆகட்டும். தினமும் அந்த நான்கையும், சலித்தாலும், கால் மணி நேரம் வாசி. உன் கையில் 'நம்' என்றைக்குத் தம்பூராவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ, அன்றைக்கு எனக்கு ஃபோன் செய், நடுராத்திரியானாலும் சரி.

அது ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது உனக்குப் பிடித்த மாதிரியான விஷயம். சாதாரணப் பறையையோ டிரம்மையோ அடித்தால் வரும் துணை ஒலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, அதனால் அதில் சுருதி பிடிபடுவதில்லை. நம் வாத்தியத்தில் தோலின் நடுவே சோற்றையும் ஒருவகைக் கறுப்புக் கல்லின் பொடியையும் பிசைந்து, பூசிப் பூசித் தேய்த்து, அடுக்கடுக்காகச் சாதம் ஏற்றுகிறார்கள். அந்தப் பாரம் தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்தி, துணை ஒலிகளை ஒரு தந்தியில் வருவது போல் வரிசைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இதை ஆராய்ந்து 1920இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினவர் நம்ம சி.வி. ராமன். ஆனால் அவர் எழுதுவதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, எந்த இடத்தில் எவ்வளவு கனம் வேண்டும் என்று தோல் வேலை செய்கிறவர்களின் விரலுக்குத் தெரிந்திருந்தது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்க வேலை செய்து கொடுத்த பர்லாந்து என்பவர் தஞ்சாவூர்க்காரர். மேடையில் வாசித்தவருக்குக் கிடைத்த மரியாதையில் கால்வாசிகூட, மாடும் ஆடும் எருமையுமாகத் தோலைக் கையில் தொட்டு வேலை செய்த குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மூட்டு, அதாவது ஓரத்தில் பின்னல் வளையம் வைத்த தோல் முகம், மாற்ற ஆள் இருந்தால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடு.

சுருதி சேர்ப்பது. உன்னுடையது 22 அங்குலமா, 24 அங்குலமா என்று அளந்து சொல். நீளம் குறைந்தது எச்சு (உயர்ந்த) சுருதிக்கு, பெண்கள் பாடுவதற்குச் சரியாக இருக்கும். 24 என்றால் தக்கு (தாழ்ந்த) சுருதி. அதை இழுத்து இழுத்து ஐந்து கட்டை போன்ற உயர்ந்த சுருதிக்குக் கொண்டுபோகாதே, தோல் கிழியும். வலந்தலையைச் சுற்றி வார் போகிற கண்கள் 16 இருக்கும். ஒவ்வொரு கண்ணுக்கு நேரேயும் மெதுவாகத் தட்டிக் கேள். எந்த இடம் இறங்கியிருக்கிறதோ அங்கே மூட்டின் மேல் கட்டையை வைத்துக் கல்லால் கீழ்நோக்கி அடி, சுருதி ஏறும். ஏறிப்போன இடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டினால் இறங்கும். சின்னச் சின்ன அடியாக இருக்கட்டும். ஓரிடத்தைச் சரிசெய்தால் எதிர்ப்பக்கம் நகர்ந்திருக்கும், அதையும் கேள். ஃபோனில் சுருதி காட்டுகிற ஆப் இருக்கிறது என்றாய். அதைப் பார்க்காமல் தம்பூரா ஒலியை மட்டும் போட்டுவிட்டுக் காதால் சேர். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

தொப்பிக்கு ரவை. கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, நடுவில் வட்டமாக ஒட்டு. அங்கே கடையில் கிடைக்கிற எந்த ரவையும் ஆகும். கூடப் போட்டால் சுருதி இறங்கும், எடுத்தால் ஏறும். வலந்தலையின் ஆதார ஷட்ஜத்துக்கு, அதாவது அடிப்படை 'ஸ'வுக்கு, கீழ் ஷட்ஜத்தில் அது நிற்க வேண்டும். வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிடு. சோம்பல்பட்டு அப்படியே விட்டால் காய்ந்து தோலைப் பிடித்து இழுக்கும், பூச்சியும் வரும்.

உங்கள் ஊர்க் குளிர்தான் எனக்குக் கவலை. இங்கே ஐப்பசி மழையில் தோல் தளர்ந்து சுருதி தொங்கும். அங்கே நேர்மாறு. ஹீட்டர் போட்ட அறையில் காற்று வறண்டுவிடும், தோல் இறுகிச் சுருதி தானாக ஏறும், சாதம் வெடித்து உதிரும். ஹீட்டர் காற்று வரும் பக்கமோ ஜன்னலோரமோ வைக்காதே. உறை போட்டு உள் அலமாரியில் வை. காற்றுக்கு ஈரம் கொடுக்கிற மெஷின் விற்கிறதாமே, குளிர்காலத்தில் அந்த அறையில் ஒன்று வை, உன் மூக்குக்கும் நல்லது.

கீழ்வீட்டுக்காரர் புகார் சொன்னதற்கு: அவருக்கு 'தொம்' மட்டும்தான் கேட்டிருக்கும், தாழ்ந்த ஒலி தரை வழியாக இறங்கும். தடித்த கம்பளத்தை இரண்டாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார். ஒருநாள் போய் எந்த நேரத்தில் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்று கேட்டு வா. போகும்போது வெறுங்கையோடு போகாதே. மீதி நேரத்துக்கு வாய் இருக்கிறது. கையில் தாளம் போட்டுக்கொண்டு சொற்கட்டைச் சொல், பஸ்ஸில் போகும்போதுகூட. வாயில் தடுமாறுகிற சொல் கையில் நிச்சயம் தடுமாறும். எந்தப் பாடத்தையும் முதலில் சொல்லு, பிறகு தொடையில் தட்டு, கடைசியாகத்தான் தோலில் கை வை. மெதுவான முதல் காலம், அதன் இரட்டிப்பு, அதற்கும் இரட்டிப்பு என்று மூன்று காலத்திலும் சொல்லிப் பழகு. முதல் காலம்தான் மற்ற இரண்டையும்விடக் கடினம், ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். வேகத்தில் தப்பெல்லாம் ஒளிந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் போட்டு உதைக்காதே. தினமும் அரை மணி போதும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம் கழற்றியிருக்க வேண்டும். விரல்நுனி எரிந்தால் பரவாயில்லை, மரத்துப்போய்ச் சரியாகும். மணிக்கட்டோ தோளோ வலித்தால் அன்றைக்கு நிறுத்து. அது நீ தோளிலிருந்து அடிக்கிறாய் என்று அர்த்தம், ஆசிரியரிடம் உட்காரும் விதத்தைக் காட்டிக் கேள்.

ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர் என்று சொன்னாய். நல்லது, பாடம் ஒழுங்காக நடக்கும். எந்தச் சொல்லுக்கு எந்த விரல் என்பதில் பாணிக்குப் பாணி வித்தியாசம் உண்டு. நான் எழுதியிருப்பதற்கும் அவர் காட்டுவதற்கும் மாறுபாடு வந்தால் அவர் சொல்வதைச் செய். 'எங்கள் அப்பா இப்படிச் சொன்னார்' என்று அங்கே போய்ச் சொல்லிவைக்காதே. தேர்வுக்கு மட்டும் அவசரப்படாதே, அடுத்த பாடம் கேட்டு நச்சரிக்காதே.

அப்புறம், பாட்டுக்கு வாசிப்பது. உன் தோழி பாடுகிறாள் என்றாயே, அவளை வாரம் ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடு. அவள் ஒரு கீர்த்தனை பாடட்டும், நீ 'தா தின் தின் தா' என்று சர்வலகு என்கிற எளிய, சீரான ஓட்டத்தை மட்டும் வாசி. வேறு ஒன்றும் வேண்டாம். அவள் சாகித்யத்தில் (பாட்டின் வரியில்) நீட்டுகிற இடத்தில் கையைக் குறை, சங்கதி நிறைகிற இடத்தில் கொஞ்சம் கூட்டு. காலப்பிரமாணம் ஓடுகிறதா, அதாவது வேகம் கூடிவிடுகிறதா என்று ஃபோனில் பதிவு செய்து பின்னால் கேள். புதிதாக வாசிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஓடும், அதுவும் பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவிக்கு மேலே. மெட்ரோனோமைப் பழக்கத்துக்கு வைத்துக்கொள், பாட்டுக்கு வைக்காதே. பாடுகிறவள் மூச்சு வாங்குகிற இடம் அதற்குத் தெரியாது.

கேட்பதற்கு எம்.டி. ராமநாதனிடமிருந்து தொடங்கு. அவ்வளவு விளம்பத்தில் (மெதுவான காலத்தில்) பாடுகிறவருக்குப் பின்னால் மிருதங்கம் எப்படி இடத்தை அடைக்காமல் நிற்கிறது என்று கவனி. பிறகு மதுரை மணி ஐயரின் ஸ்வரங்கள், சர்வலகு என்றால் என்ன என்று அங்கே தெரியும். மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தைத் தேடித் தேடிக் கேட்காதே. உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பெண் பிள்ளைக்கு எதற்கு மிருதங்கம் என்று அத்தை ஃபோனில் கேட்டாளாம். திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், 1910இல் பிறந்தவர், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் சிஷ்யை, மேடையேறி மிருதங்கம் வாசித்தவர் என்று சொல். அத்தை பதில் சொல்லமாட்டாள், பேச்சை உன் கல்யாணத்துக்குத் திருப்புவாள். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

பெரியப்பா மகன் மார்ச்சில் டொரண்டோ வருகிறான். என் பழைய கல்லையும் புளியங்கட்டையையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். விமானத்தில் கைப்பையில் வைத்தால் கல்லைப் பிடுங்கிக்கொள்வார்கள், பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். அம்மா கருவடாம் தருகிறாள். வலந்தலையையும் தொப்பியையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பு, சாதம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா