நுழைவுக் கட்டணத்தை ஏற்றிவிட்டீர்கள், வண்டிகளை எப்போது எண்ணப்போகிறீர்கள்?

கென்யாவின் மசாய் மாரா தேசியக் காப்பகத்தை நடத்தும் நரோக் கவுண்டி அரசுக்கு,

வணக்கம். மாராவின் வாசலும் கட்டணமும் விதிகளும் உங்கள் பொறுப்பில் இருப்பதால் நைரோபிக்கு எழுதாமல் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் அங்கே வரத் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் பள்ளிகளின் பெரிய விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் வருகிறது. அப்போது உங்களுக்கு நீண்ட மழைக்காலம், ஆண்டுதோறும் மேய்ச்சல் தேடி வலசை வரும் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் இனம்) கூட்டங்களும் இன்னும் எல்லைக்கு அப்பால், தான்சானியாவின் செரெங்கெட்டிப் பக்கம்தான் இருக்கும். ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது. மிஞ்சுவது செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை. வில்டபீஸ்ட் கூட்டங்கள் வழக்கமாக அக்டோபர் வரை உங்கள் பக்கம் மேயும் என்பதால் அதுவே போதும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில், புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டுக்கொண்டால் ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் தொல்லை இருக்காது. இதெல்லாம் சுலபம். உங்கள் நுழைவுச்சீட்டுக்கு வந்தபோதுதான் கணக்கு நின்றுவிட்டது.

வெளிநாட்டவருக்கு ஆண்டின் முதல் பாதியில் 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். முன்பு 24 மணி நேரம் செல்லுபடியான சீட்டு இப்போது காலை 6 முதல் மாலை 6 வரைதான். உள்ளே தங்கியவர்கள் கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு சீட்டு வாங்க வேண்டும். சிங்கமும் யானையும் சும்மா பிழைத்திருக்கவில்லை, காவலுக்குச் செலவாகும். அதனால் விலையைப் பற்றி நான் பேரம் பேச வரவில்லை.

விலை ஏறினால் கூட்டம் குறையும் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கு அது நேர்மாறாகத்தான் தெரிகிறது. 200 டாலர் கொடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் வாங்கியவர், அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பார்த்தே தீர வேண்டும் என்று நிற்பார். மூன்று நாள் தங்க நினைத்தவர் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வார், அந்த ஒரு நாளில் ஓட்டுநரை நச்சரிப்பார். ஓட்டுநருக்கு டிப்ஸ் வேண்டும். வயர்லெஸ்ஸில் சேதி வந்ததும் எல்லா வண்டியும் ஒரே கரைக்குப் பாயும்.

அங்கே வில்டபீஸ்ட்கள் மணிக்கணக்காகத் தயங்கி நிற்கும். முதல் விலங்கு இறங்கினால்தான் மற்றவை இறங்கும். கரையோரம் வண்டிகள் வரிசை கட்டினால் கூட்டம் திரும்பிவிடும், அல்லது ஏற முடியாத செங்குத்தான கரையாகப் பார்த்துப் போய் விழும். இந்த ஆற்றில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான வில்டபீஸ்ட்கள் மூழ்குவது இயற்கையாகவே நடப்பது. முதலை, கழுகு, மீன் எல்லாம் அதில்தான் பிழைக்கின்றன. அந்தப் பழியை வண்டிகள் மேல் போட மாட்டேன். வழியை மறிப்பது வேறு விஷயம். 2025 ஜூலையில், இதே ஆற்றின் தான்சானியப் பகுதியில், பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையில் நின்று மந்தையை மறித்த காணொளியை உலகமே பார்த்தது.

உங்களிடம் விதி இல்லாமல் இல்லை. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பாதையை விட்டு இறங்கக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் மந்தை கரைக்கு வந்துவிட்டால் அந்த ஐந்தை யார் எண்ணுகிறார்கள்?

மலைக் கொரில்லாக்களைப் பாருங்கள். ருவாண்டாவில் அனுமதிச் சீட்டு 1500 டாலர், உகாண்டாவில் 800. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். ஆனாலும் இரண்டு நாட்டிலும் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான் பார்க்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம். அங்கே கூட்டத்தை அடக்குவது அந்த எட்டுதான். மாரா திறந்த புல்வெளி, காடு மாதிரி அடைக்க முடியாது என்பீர்கள். சரி, புல்வெளி முழுவதையும் அடைக்கச் சொல்லவில்லை. மந்தை வழக்கமாக இறங்கும் துறைகள் எவை என்று உங்கள் ரேஞ்சர்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். அங்கே மட்டும் கரையிலிருந்து தள்ளி ஒரு கோடு போடுங்கள். சீட்டு எடுக்கும்போதே துறைக்கான நேரத்தையும் ஒதுக்கிக் கொடுங்கள். இடம் நிரம்பினால் அடுத்த வண்டி பின்னால் காத்திருக்கட்டும். ஓட்டுநர்களுக்கும் இது உதவி. "ரேஞ்சர் விட மாட்டேன் என்கிறார்" என்று சொல்லிவிட்டால் எந்தப் பயணியும் அவர்களைத் திட்ட முடியாது.

அப்புறம் அந்த 24 மணி நேரச் சீட்டு. விலையைக் குறைக்காமலே அதைத் திருப்பித் தரலாம். மாலையில் பார்க்காததை மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் யாரும் ஓட்டுநரின் தோளைத் தட்ட மாட்டார்கள்.

இப்போதைக்கு எங்கள் திட்டத்தை மாற்றிவிட்டோம். மசாய் நில உரிமையாளர்கள் குத்தகைக்கு விட்டிருக்கும் வடக்குக் கன்சர்வன்சி (காப்பகத்துக்கு வெளியே உள்ள வனவிலங்குப் பகுதி) ஒன்றில் மூன்று இரவு, காப்பகத்துக்குள் ஒரே ஒரு பகல். அங்கே கூடாரமும் வண்டியும் அளவோடுதான், குத்தகைப் பணமும் நிலத்துக்காரர் கைக்குப் போகிறது. நேர ஒதுக்கீடு வருவதாக இருந்தால் செப்டம்பருக்கு முன் அறிவித்துவிடுங்கள். இரண்டாவது பகலுக்கும் 200 டாலர் கட்ட எங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு பயணி