பார்த்த படத்தையே பார்க்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி மட்டும் ஏறாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதைத்தான் கேட்க மாட்டேன் என்கிறாள்.

போன வாரம் பேசும்போது, வேலை முடிந்து வந்ததும் ஏற்கெனவே பலமுறை பார்த்த படத்தையே மறுபடியும் போட்டுக்கொண்டு சாப்பிட உட்காருகிறேன் என்று சொன்னாய். உன்னோடு தங்கியிருக்கும் பெண் “இதில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது?” என்று கேட்டாளாம். புதிதாக எவ்வளவோ இருக்க, இது சோம்பேறித்தனமோ என்று உனக்கே ஒரு சந்தேகம். அதற்குள் லைன் போய்விட்டது. போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. பார்த்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தொழிலாகவே செய்தவன் நான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சோழவந்தான் பக்கம் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்குக் கையாளாகச் சேர்ந்தபோது அங்கே இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் தீர்ந்தால் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்ட வேண்டும். அந்த நேரத்தில் முறுக்கும் கடலை மிட்டாயும் விற்பனையாகும். தரை டிக்கெட்காரர்கள் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு மதுரை டவுனுக்கு வந்தேன். இங்கே இரண்டு புரொஜெக்டர். 1,000 அடி ரீல் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும். ரீல் முடியப்போவதைச் சொல்ல, திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டம் தோன்றி மறையும். அதைக் கண்டவுடன் அடுத்த இயந்திரத்தை ஓடவிட வேண்டும். புரொஜெக்டருக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் வெளிச்சம் மங்கிவிடும். இதற்கெல்லாம் நடுவில், கேபின் துவாரம் வழியாக நான் படத்தைப் பார்த்ததைவிட ஜனங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

எங்களுடையது பழைய படங்களைத் திருப்பிப் போடும் தியேட்டர். பெட்டி வரும்போதே பிலிம் கிழடு தட்டியிருக்கும். திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும். அறுந்த இடங்களை வெட்டி ஒட்டியிருப்பார்கள், வெட்டிய இடத்தில் வசனம் பாதியில் காணாமல் போகும். திருவிளையாடல் ஓடும்போது அப்படி ஒரு வார்த்தை விழுந்தால் கூச்சல் வராது. விழுந்த வார்த்தையைக் கீழே இருப்பவர்கள் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். தருமி கேள்வி கேட்கக் கேட்க, இறைவன் பதில் சொல்வதற்கு முன்பே பெண்கள் பகுதியிலிருந்து பதில் வரும். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘இவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எதற்குக் காசு கொடுத்து வருகிறார்கள்’ என்ற கேள்வியும் அன்றுதான் எனக்குள் வந்தது. உன் தோழி கேட்டதும் அதே கேள்விதான்.

உன் அப்பத்தாவை எடுத்துக்கொள். அவள் திருவிளையாடலைப் பார்ப்பதற்கு முன்பே முழுப் படத்தையும் காதால் கேட்டுவிட்டவள். கோயில் கொடை, காதுகுத்து, கல்யாணம் என்று எந்த வீட்டில் விசேஷம் நடந்தாலும் குழாய் ஸ்பீக்கரில் அந்தக் கதை வசனம்தான் ஓடும். வானொலியில் ஒலிச்சித்திரம் வேறு. வயலில் களை எடுத்துக்கொண்டே நக்கீரர் வாதத்தைக் கேட்டிருக்கிறாள். கடைசியில் நான் பாஸ் வாங்கிக் கொடுத்துத் தியேட்டரில் உட்காரவைத்தபோது, நாகேஷ் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். கேட்டுக் கேட்டுப் பழகிய குரலுக்கு உரிய முகத்தைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அது.

இன்னும் ஒன்று யோசித்துப் பார். 1965-ல் அந்தப் படம் முதன்முதலாக வந்தபோதே மதுரைக்காரர்களுக்கு அதில் தெரியாத கதை எது? தருமிக்குப் பொற்கிழி அளித்ததையும் விறகு விற்றதையும் ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சி கோயில் வருஷம் தவறாமல் நடத்திக் காட்டுகிறது. நம் ஆட்களுக்கு முதல் நாள் முதல் காட்சியே மறுபடி பார்ப்பதாகத்தான் இருந்தது. கர்ணன் படமும் அப்படித்தான். கர்ணன் சாகப்போகிறான் என்பது 1964-லும் எல்லோருக்கும் தெரியும், டிஜிட்டலில் புதுப்பித்து 2012-ல் மறுபடி வெளியிட்டபோதும் தெரியும். ஆனாலும் அவன் தேர்ச் சக்கரம் மண்ணில் புதையும்போது தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்காமல் இருந்ததில்லை. ஊர்ப்பக்கம் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணத்தையும் நீ சின்ன வயதில் என் மடியில் படுத்துப் பார்த்திருக்கிறாய். வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் ஆகுமா ஆகாதா என்று கவலைப்பட்டு யாரும் பாய் விரிப்பதில்லை. இன்றைக்கு வருகிற நாரதர் வள்ளியோடு எப்படித் தர்க்கம் செய்யப்போகிறார் என்பதைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவார் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதற்காகத்தான் இத்தனை லட்சம் பேர் விடியலுக்கு முன்பே ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். தெரிந்த கதையிலும் அந்த அளவுக்கு ஒரு புதுமை மிச்சம் இருந்தால் போதும் என்று நினைக்கிற ஊர் நம்முடையது. நீ இந்த ஊர்ப்பெண்.

சினிமாவில் பட்டு மாறாது, பிலிம் அதேதான் என்று நீ சொல்லலாம். மாறுவது எது என்பதை நான் கேபினில் நின்று பார்த்தேன். முதல் தடவை வருகிறவன் கதைக்குப் பின்னால் ஓடுகிறான். அவனுக்குக் கதாநாயகனை விட்டு நகர நேரம் கிடையாது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வரும்போது அவன் கண் ஓரத்துக்குப் போகிறது. யாரோ பேசிக்கொண்டிருக்க, பேசாமல் நிற்பவரைப் பார்க்கிறான். அப்படி ஓரத்தில் பார்ப்பதற்கு ஆள் இருக்கிற படங்களைத்தான் ஜனங்கள் விடாமல் திரும்பப் பார்க்கிறார்கள் என்பது என் தீர்மானமான எண்ணம். இதில் யார் மறுத்துச் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டி.எஸ். பாலையாவைப் பார். 1964-ல் காதலிக்க நேரமில்லை, மறு வருஷம் திருவிளையாடல், 1968-ல் தில்லானா மோகனாம்பாள். எங்கள் தியேட்டரில் எப்போது போட்டாலும் பெஞ்சு காலியாக இருக்காத மூன்று படங்கள் இவை. மூன்றிலும் அவர் இருக்கிறார். நாகேஷும் மூன்றிலும் இருக்கிறார். முதல் படத்தில் நாகேஷ் பேய்க் கதை சொல்லுகிற இடம் உனக்கே தெரியும். அதை முதல் தடவை பார்க்கிறவர்கள் நாகேஷைப் பார்த்துச் சிரிப்பார்கள். திரும்ப வருகிறவர்கள் பாலையாவைத்தான் பார்ப்பார்கள். அந்தக் காட்சியில் அவருக்குப் பேச்சு கொஞ்சம்தான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அவர் வேலை. ஆனால் அவர் பயப்படப் பயப்படத்தான் அந்தக் கதைக்கு உயிர் வருகிறது. ஒருவர் பேசுவதைக் கேட்பதில் இவ்வளவு நடிப்பு இருக்கிறது என்பது ஒரு தடவை பார்த்தால் பிடிபடாது.

திருவிளையாடலில் அவர் பாட்டில் தன்னை வெல்ல ஆளில்லை என்று வரும் வித்துவான் ஹேமநாத பாகவதர். சபையில் ‘ஒரு நாள் போதுமா’ என்று பாடும்போது அந்த முகத்தில் எவ்வளவு செருக்கு! இரவில் திண்ணைப் பக்கமிருந்து, விறகு விற்கிறவனாக வந்த சிவனின் பாட்டு வரும்போது அதே முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ‘பாட்டும் நானே’ பாட்டில் எல்லோரும் சிவாஜி வாத்தியங்களை வாசிப்பதைத்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். பாடிய டி.எம். சௌந்தரராஜன் நம் மதுரையில் பிறந்தவர் என்பதால் எனக்கு அதில் தனிப் பெருமையும் உண்டு. ஆனாலும் அடுத்த தடவை அந்தப் பாட்டு முடிந்த பிறகு பாலையாவைக் கவனி. ஊரை விட்டுப் புறப்படுகிற ஒரு வித்துவானின் அவமானமும் வியப்பும் ஒன்றாகத் தெரியும்.

தில்லானாவில் எனக்கு முதலில் பிடித்தது நாதஸ்வரம். வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சீவாளியை வாயில் வைத்து சிவாஜி மூச்சுப் பிடிப்பதைப் பார்த்தால் அவரே வாசிக்கிறார் என்று சத்தியம் செய்யலாம். படம் வந்த வருஷம் நான் பள்ளிக்கூடத்துப் பையன். நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபம் முழுக்க நியாயமாகப் பட்டது, அவர் விரும்பும் நாட்டியக்காரி மோகனாவின் தாய் வடிவாம்பாளைக் கண்டால் பற்றிக்கொண்டு வந்தது. நீ பிறந்து, உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஃபீஸ் கட்ட அலைந்த காலத்தில் அதே படம் மறுபடி எங்கள் தியேட்டருக்கு வந்தது. இந்தத் தடவை வடிவாம்பாளாக சி.கே. சரஸ்வதி வரும் ஒவ்வொரு காட்சியிலும் ரீலை மறந்து நின்றேன். மகளின் சலங்கையை நம்பி ஒரு குடும்பமே சாப்பிடுகிறது. அவள் ஒருவனை விரும்பிப் போய்விட்டால் நாளைக்கு என்ன என்று பயப்படுகிற ஒரு தாய் அங்கே நிற்கிறாள். அவள் செய்வது சரியென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் எத்தனை நிஜம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பிலிம், அதே பெட்டி. பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அந்தத் தாய் தென்படவே இல்லை.

நீ கல்லூரியில் உளவியல் படித்தபோது ராபர்ட் ஸயான்ஸ் என்ற அறிஞரைப் பற்றிச் சொன்னாய். அடிக்கடி கண்ணில் பட்ட வார்த்தை, எழுத்து, முகம் ஆகியவற்றையே மனிதர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று அவர் சோதனை செய்து காட்டினார் என்றாய். அவருடைய கட்டுரையும் தில்லானா வந்த அதே 1968-ல்தான் வந்தது என்பதால் எனக்கு மறக்கவில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு என் அனுபவம் இடம் கொடுக்கவில்லை. பழகினால் பிடித்துவிடும் என்றால், வாரக்கணக்கில் நான் ஓட்டிய அத்தனை படங்களும் எனக்குப் பிடித்திருக்க வேண்டுமே. சில படங்களுக்குப் பெட்டியைத் திருப்பி அனுப்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப வருவதற்கு உள்ளே ஆட்கள் இருக்க வேண்டும்.

நீ சோம்பேறித்தனம் என்று சொன்னாயே, அதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாள் முழுக்கப் புதிது புதிதாக ஆட்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைப் புரிந்துகொண்டு, பதில் சொல்லிவிட்டு வருகிறாய். புதுப் படம் போட்டால் யார் அண்ணன், யார் வில்லன், யாரை நம்பலாம் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தெரிந்த படத்தில் அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வரும்போதே உனக்கு அவர்களைத் தெரியும். தனியாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு அந்தத் துணை வேண்டியிருப்பதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. புதுப் படங்களையும் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்.

தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது துணிக்கடை என்பது உனக்குத் தெரியும். 1952 தீபாவளிக்குப் பராசக்தி படத்தோடு திறந்த தியேட்டர், ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே சொல்லிக்கொள்ளும். நான் வேலை பார்த்த தியேட்டரும் இப்போது இல்லை. கார்பனும் ரீலும் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆனால் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை மறுபடி திரையிட்டால் மாலை போட்டுச் சூடம் காட்டுகிற ஆட்கள் மதுரையில் இன்னும் இருக்கிறார்கள். நானும் போகிறேன். பக்கத்தில் உட்காரும் பையன்கள் வசனத்தை முன்கூட்டியே சொல்வதைக் கேட்க எனக்கு ஆசை.

நீ போடுகிறாயே அந்தப் படம், அதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதனால் கதையைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. அதில் இப்போது நீ யாரைப் பார்க்கிறாய் என்று எழுது. கதாநாயகி என்று மட்டும் எழுதாதே. ஓரத்தில் நிற்கிறவர்களில் யார், எந்த இடத்தில் என்று எழுது. தம்பியிடம் சொல்லி இங்கே டிவியில் போடச் சொல்கிறேன். உன் தோழியையும் அடுத்த தடவை பக்கத்தில் உட்காரவைத்து அந்த ஆளைக் காட்டு.

அம்மா பருப்புப் பொடியும் மாவடுவும் கூரியரில் போட்டிருக்கிறாள். மாவடு ஜாடியை நிமிர்த்தியே வைக்க வேண்டுமாம். வந்ததும் போன் செய்.

அன்புடன்,
அப்பா