கூழ்ம வெள்ளி தயாரிப்போருக்கு ஒரு மின்பணியாளரின் திறந்த மடல்

அமெரிக்காவில் வீட்டிலேயே கூழ்ம வெள்ளி தயாரிக்கும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக் கம்பிகளைத் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, வெள்ளியின் நுண்துகள்களைக் கலந்து நீங்கள் மருந்தாகக் குடிக்கும் அந்த வெள்ளித் தண்ணீர் நோயைத் தீர்க்குமா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அதைப் பாதுகாப்பான, பயனுள்ள மருந்தாக ஏற்க முடியாது என்று 1999இலேயே உங்கள் நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் விதி எழுதிவிட்டது. நியான் விளம்பரப் பலகைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் உங்கள் டிரான்ஸ்பார்மரைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பேட்டரியை வைத்துச் செய்த காலத்தில் கெட்டது தோல். மோன்டானாவின் ஸ்டான் ஜோன்ஸ், 2000ஆம் ஆண்டு பிறக்கையில் கணினிகள் முடங்கி மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று அஞ்சி, தாமே தயாரித்துக் குடித்தார். 2002இல் செனட் தேர்தலில் நின்றபோது அவர் முகம் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். அது வெளுக்காத நிறம். இருந்தும் மனிதர் பிழைத்திருந்தார்.

இப்போது துகள் நுண்மையாக வரும் என்று உங்களில் சிலர், நியான் குழாய்களுக்காக மின்னழுத்தத்தை ஏற்றித் தரும் டிரான்ஸ்பார்மருக்குத் தாவி, வெள்ளிக் கம்பிகளில் தீப்பொறி பறக்க விடுகிறீர்கள். 10,000, 15,000 வோல்ட்! கேட்டால், "30 மில்லியாம்பியர்தானே, சுவரில் ஜி.எஃப்.சி.ஐ. வேறு இருக்கிறது" என்கிறீர்கள்.

அந்த ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி, நம் ஊர் ஆர்.சி.சி.பி.யின் உறவினர்) ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். அதற்கு மேல் ஆபத்து என்றுதான் அந்த அளவை வைத்தார்கள். உங்களுடையது அதைப்போல் ஆறு மடங்கு. 10ஐத் தாண்டினாலே கை இறுகிக்கொண்டு விடாது. 30 மார்பு வழியே பாய்ந்தால் மூச்சு முட்டும்.

அதைவிடப் பெரிய கோளாறு, அந்தக் கருவிக்கு இது தெரியவே தெரியாது என்பது. பிளக்கில் போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே அது பார்க்கிறது. டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில், அதாவது உயர் அழுத்தம் வெளிவரும் பக்கத்தில், நீங்கள் சிக்கினால் மின்சுற்று அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிடும். சுவர் பிளக்கோடு இணைந்த பிரைமரிப் பக்கத்தில் கணக்கு சரியாகவே இருக்கும். நீங்கள் துடித்துக்கொண்டிருக்க, சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

புதிய நியான் டிரான்ஸ்பார்மர்களில் செகண்டரியின் எர்த் கசிவைக் கண்டு நிறுத்தும் அமைப்பு உண்டு. அது 'தொல்லை' என்று, அது இல்லாத பழையதைத் தேடி வாங்குகிறீர்களே, என்ன சொல்ல! இருந்தாலும் இரண்டு முனைகளையும் இரு கைகளால் தொட்டவரை அந்த அமைப்பாலும் காப்பாற்ற முடியாது.

தூய்மைக்காகத்தான் இத்தனையும் என்பதுதான் வேடிக்கை. காற்றில் எரியும் தீப்பொறி நைட்ரஜன் ஆக்சைடுகளை உண்டாக்கும். அவை தண்ணீரில் கரைந்தால் நைட்ரிக் அமிலம், அதில் வெள்ளி கரைந்தால் சில்வர் நைட்ரேட். பக்கத்தில் நிற்பவருக்கு ஓசோன் நெடி.

மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்பார்மரால் மரத்தில் மின்னல் கோலம் பொறித்துப் பலர் செத்த பிறகு, அமெரிக்க மரக் கடைசல்காரர் சங்கம் 2017இல் தன் நிகழ்ச்சிகளில் அதற்குத் தடை போட்டது. நீங்களும் அதையே செய்யுங்கள். உயர் அழுத்த முறையின் வரைபடங்களைச் சுற்றுக்கு விடாதீர்கள். "ரப்பர் கையுறை போட்டால் போதும்" என்று சொல்லிக்கொடுப்பவரை நிறுத்துங்கள். கடையில் வாங்கும் சாதாரணக் கையுறை 15,000 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதல்ல. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்பியை வெட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் ஒப்படைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு நியான் பலகை மின்பணியாளர்