எட்டடிக்கு ஒரு பட்டம்: வேளாண் நிதிநிலை அறிக்கை எழுதுவோருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2021 முதல் தமிழ்நாட்டில் உழவுக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. ஆண்டுதோறும் அதை வரிவிடாமல் படிக்கிறேன். டெல்டாவில் பத்து மா, அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல், நிலம் வைத்திருப்பவனுக்கு வேண்டிய மானியங்கள் அதில் வரிசையாக இருக்கின்றன. நான் தேடுவது வேறு: நெற்பயிரில் புகையான் பூச்சி விழுந்தால் என் வரப்புக்கு யார் வருவார்?

ஒரு சம்பாவில் நடந்ததைச் சொல்கிறேன். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலின் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் காய்ந்தது. மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் கொடுத்த புட்டிகளில் ஒன்று பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. அடித்தேன். புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்தன. புகையான் முன்னைவிடப் பெருகியது. பக்கத்து வயல்காரரோ எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நாற்று நடாத வெற்றுப் பாதை, விட்டு நட்டிருந்தார். யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். பூச்சி கண்ணில் பட்டதும் தண்ணீரை வடித்தார். தூரின் அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும் பூச்சிக்குக் காற்றும் வெளிச்சமும் ஆகாது. அவருக்கு இதில் கைக்காசு செலவே இல்லை; கொஞ்சம் நாற்றுகூட மிச்சம். சொல்லிக் கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு வேளாண்மை அலுவலர். சொந்தக்காரர் என்பதால் வந்தாராம்!

தஞ்சைக்கு இது தெரியாத பாடமா? ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி 1922-லேயே தொடங்கிவிட்டது. நாட்டில் முதலில் தேர்ந்த ஏழு 'பேக்கேஜ்' (தீவிர வேளாண்மைத் திட்ட) மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. 1960-களின் நடுவில் ஏடிடீ 27 வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் ஒட்டிப் பிறந்த, சுமார் 105 நாள் குறுவை ரகம். நாற்பது நாள் நாற்றைப் பிடுங்கி நட்டுப் பழகிய கைகளுக்கு இளநாற்றை நடவும், மேலுரத்தை நாள் பார்த்துப் போடவும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது. அரசு அனுப்பிய கிராம சேவகர்கள் சொன்னார்கள். விதையோடு ஆளும் வந்ததால்தான் விளைச்சல் ஏறியது என்பது என் கணிப்பு.

மானியத்தை நான் பழிக்கவில்லை, வாங்கியிருக்கிறேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் மூட்டை அதைப்போலப் பல மடங்கு. அந்த விலை உங்கள் கையில் இல்லை, டெல்லியின் கையில் இருக்கிறது என்பது தெரியும். மலிவாகக் கிடைப்பதை உழவன் அள்ளிப் போடுகிறான், பயிர் கரும்பச்சையாகக் கொழுக்கிறது, புகையான் வருகிறது, மருந்து வாங்குகிறான். மானியத்தில் மிச்சமானது கடைக்காரரின் கல்லாவுக்குப் போகிறது.

ஆகவே கேட்கிறேன். வயலுக்கு வர வேண்டிய உதவி வேளாண்மை அலுவலரிடமிருந்து பயனாளிப் பட்டியலையும் இணையப் பதிவேற்றத்தையும் எடுத்து வேறு ஆளிடம் கொடுங்கள். 1980-களின் 'பயிற்சி-பார்வை' முறையில் இன்ன ஊருக்கு இன்ன கிழமை என்று நாள் குறித்திருந்தது. பதினைந்து நாளுக்கொரு முறை ஆள் வந்தார். செல்பேசிச் செயலி மழை நிலவரம் சொல்லும், தூரை விலக்கிப் பார்க்காது. காலியிடங்களை நிரப்பவும் ஆராய்ச்சி நிலையங்களின் செயல்விளக்கத் திடல்களுக்கும் தனித் தலைப்பில் தொகை ஒதுக்குங்கள்.

புரட்டாசியில் நடவுக்கு இறங்குவோம். பட்டம் நடும்போதே விட வேண்டியது. ஆளை அதற்கு முன் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
டெல்டா உழவன் ஒருவன்