அம்முவுக்கு, பெரிய சைக்கிள் ஃபிரேம் வாங்குறதுக்கு முன்னாடி

அம்மு,

நீ அனுப்புன சைக்கிள் ஃபிரேம் போட்டோ பாத்தேன்டா. இப்ப இருக்குற சைக்கிளோட பார்ட்ஸ கழட்டி அதுல மாட்டிக்கலாம்னு நினைக்கிற. பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு, விலையும் கம்மியாத்தான் சொல்றாங்க, ஆனா பணம் இன்னும் அனுப்பிடாத, முதல்ல இத முழுசா படி. சீட்ட தாங்குற கம்பியான சீட்போஸ்ட்ட, இதுக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குற மினிமம் கோடு வெளிய தெரியுற வரைக்கும் இழுத்து வச்சு ஓட்டுறேன்னு சொன்னியே, அதக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. அந்தக் கோட்டத் தாண்டினா போஸ்ட் வளையுறது மட்டும் இல்ல, அது சொருகியிருக்குற சீட் ட்யூப் மேல் பக்கம் வெல்டிங்க்கிட்ட விரிசல் விட்டுடும், அதுவும் இறக்கத்துல போறப்ப ஆச்சுன்னா நினைச்சே பாக்க முடியல. கிராங்க் அச்சு சுத்துற பாட்டம் பிராக்கெட் நடுவுல இருந்து சீட் மேல் வரைக்கும் எவ்வளவுன்னு முதல்ல அளந்து எழுதி வச்சிட்டு, இன்னைக்கே போஸ்ட்ட கோட்டுக்கு உள்ள இறக்கிடு, கிராங்க்னா பெடல் மாட்டுற கை, கொஞ்ச நாள் கால் மடங்கி மிதிச்சாலும் பரவால்ல. பெரிய ஃபிரேம் மாத்தணும்னு நீ முடிவு பண்ணது ரொம்ப சரி, இந்த சைக்கிள் உனக்கு சின்னதுதான்.

ஆனா ஃபிரேம்ல ஒட்டியிருக்குற எல்-ங்கிற எழுத்த நம்பாத. ஒரு கம்பெனியோட எல் இன்னொரு கம்பெனியோட எம் அளவுக்குத்தான் இருக்கும். ரீச் எவ்வளவு, ஸ்டாக் எவ்வளவுன்னு ரெண்டு அளவு இருக்கு, பாட்டம் பிராக்கெட் நடுவுல இருந்து, ஹேண்டிலுக்கு கீழ இருக்குற ஹெட் ட்யூப் மேல் நுனி வரைக்கும் முன்னாடி எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது ரீச், எவ்வளவு உயரத்துல இருக்குங்கிறது ஸ்டாக். மாடல் பேரும் வருஷமும் தெரிஞ்சா கம்பெனி போட்ட அளவு அட்டவணை கிடைக்கும், இப்ப உன்கிட்ட இருக்குற ஃபிரேமோட அத பக்கத்துல வச்சு பாரு. பொதுவா ஒரு சைஸ் ஏறினா ரீச் 20, 25 மி.மீ. கூடும். அது கூடலன்னா நீ பேருக்குத்தான் பெரிய ஃபிரேம் வாங்குற.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். எல்லாரும் வீல் பொருந்துமா, கிராங்க் பொருந்துமான்னுதான் முதல்ல பாப்பாங்க, ஆனா சின்னதுல இருந்து பெருசுக்கு போறப்ப வம்பு வர்ற இடம் முன் வீல பிடிக்கிற ஃபோர்க்கோட ஸ்டீரர் ட்யூப், அதாவது ஹெட் ட்யூபுக்கு உள்ள நுழைஞ்சு மேல வர்ற குழாய். ஃபிரேம் பெருசாச்சுன்னா ஹெட் ட்யூபும் நீளமாகும், ஆனா உன் ஸ்டீரர சின்ன ஃபிரேமுக்குத் தகுந்த மாதிரி ஏற்கனவே வெட்டியாச்சு, வெட்டினது வெட்டினதுதான். ஹேண்டில ஸ்டீரரோட சேத்து பிடிக்கிற ஸ்டெம்முக்கு கீழயும் மேலயும் வளையம் வளையமா ஸ்பேசர் இருக்கும் பாரு, அத எல்லாம் சேத்து அள, அவ்வளவுதான் உன் கையிருப்பு. ஒரு உதாரணத்துக்கு பழைய ஹெட் ட்யூப் 105 மி.மீ., புதுசு 120 மி.மீ.ன்னு வை, உன்கிட்ட 20 மி.மீ. ஸ்பேசர் இருந்தா 15 போக 5 மிஞ்சும், தாராளமா பொருந்தும். 10 மி.மீ. தான் இருக்குன்னா பொருந்தாது, அந்தக் கதை அதோட முடிஞ்சுது. ஸ்டீரர் சுத்துறதுக்கான பேரிங் தொகுப்பான ஹெட்செட்டோட கப் ஃபிரேமுக்கு உள்ள உக்காருதா வெளிய நிக்குதான்னும் பாக்கணும், வெளிய நிக்கிற கப் கீழ ஒண்ணு இருந்தாலே 10 மி.மீ.க்கு மேல சாப்பிட்டுடும். கடைசியா ஸ்டீரரோட நுனி ஸ்டெம்மோட மேல் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழ வந்து நிக்கணும், அதுக்கு மேல குறையக் கூடாது, ஸ்டெம் முழுசா பிடிக்கலன்னா ஹேண்டில் கையோட வந்துடும். பாதி பிடிச்சாலும் டைட்டாத்தான் இருக்குன்னு யாராவது சொன்னா கேக்காத. ஸ்டீரர்ல துண்டு ஒட்டி வெல்ட் பண்ணித் தரேன்னு எவனாவது சொன்னா அந்த இடத்த விட்டே வந்துடு.

நீளம் சரியா வந்தாலும் தடிமன் பாக்கணும். ஸ்டீரர் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே 1 1/8 இன்ச்சா, இல்ல கீழ 1.5 இன்ச்சா அகலமாகுற டேப்பரா? நேர் ஸ்டீரர டேப்பர் ஹெட் ட்யூப்ல போடலாம், அதுக்குன்னே கீழ்ப்பக்கம் அகலத்த குறைக்கிற ரெட்யூசர் வச்ச ஹெட்செட் வருது. டேப்பர் ஸ்டீரர பழைய காலத்து 34 மி.மீ. நேர் ஹெட் ட்யூப்ல போடவே முடியாது. நேரா 44 மி.மீ. இருக்குற ஹெட் ட்யூப்னா கீழ வெளிய நிக்கிற கப் போட்டு ஏத்தலாம். அப்புறம் அந்த ஃபிரேம் எவ்வளவு ட்ராவல், அதாவது அமுங்குற தூரம், இருக்குற ஃபோர்க்குக்கு செஞ்சதுன்னு பாத்துக்கோ, 20 மி.மீ. கூடினாலே ஹெட் ட்யூப் கோணம் ஏறத்தாழ ஒரு டிகிரி சாஞ்சிடும், பாரமும் ஹெட் ட்யூப் மேல அதிகமா விழும்.

வீல் பத்தி சுருக்கமா சொல்றேன். உன் பின் வீல் நடுவுல இருக்குற ஹப்போட அகலம் 135 மி.மீ. குவிக் ரிலீஸா, 142-ஆ, 148 பூஸ்ட்டான்னு பாரு, குவிக் ரிலீஸ், பூஸ்ட் எல்லாம் வகைகளோட பேரு, புது ஃபிரேம் எதுக்கு செஞ்சதுன்னும் கேளு. சில ஹப்புக்கு ஓரத்து மூடியான எண்ட் கேப் மாத்தினா 135ல இருந்து 142க்கு போயிடலாம், 142ல இருந்து 148க்கும் ஸ்பேசர் கிட் உண்டு, ஆனா எல்லா ஹப்புக்கும் கிடைக்காது, கிடைக்கும்னு உறுதியான பிறகுதான் ஃபிரேம வாங்கணும். உன்னோடது 27.5 இன்ச் வீல், அந்த ஃபிரேம் 29 இன்ச்சுக்கு செஞ்சதா இருந்தா வேண்டாம்னு சொல்லிடு, உள்ள போகும் ஆனா பாட்டம் பிராக்கெட் 2 செ.மீ. கிட்ட தாழ்ந்துடும், கல்லுலயும் வேர்லயும் பெடல் இடிச்சிக்கிட்டே இருக்கும்.

பாட்டம் பிராக்கெட் அவ்வளவா பயப்பட வேண்டியது இல்ல. உன் கிராங்க் 24 மி.மீ. அச்சு இருக்குற ஷிமானோ கம்பெனியோடது, அது மரை வச்சு முறுக்குற பிஎஸ்ஏ வகையிலயும் போகும், அழுத்தி இறக்குற பிரஸ் ஃபிட் 92 வகையிலயும் போகும், அதுக்குத் தகுந்த பிராக்கெட் ஒண்ணு புதுசா வாங்கினா போதும். பழசுல இருந்து பிரஸ் ஃபிட்ட தட்டி எடுத்து திரும்பப் போடலாம்னு நினைக்காத, எடுக்கும்போதே பேரிங் போயிடும். சீட்போஸ்ட் விட்டம் 30.9 மி.மீ. இருந்து ஃபிரேம் 31.6 கேட்டா இடைவெளிய நிரப்புற ஷிம் ஒண்ணு போட்டா சரி, மாத்தி இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. கியர் மாத்துற டெரெய்லர மாட்டுற ஹேங்கர் ஃபிரேமுக்கு ஃபிரேம் வேற, அதுல ரெண்டா வாங்கி ஒண்ண பையில வச்சிக்கோ.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குறேன்னா, ஃபிரேம் விலைய மட்டும் பாத்து சீப்பா முடிஞ்சுதுன்னு நீ நினைச்சிடக் கூடாது. ஹெட்செட், பாட்டம் பிராக்கெட், ஹேங்கர், சீட் கிளாம்ப், வீல் அச்சான த்ரூ ஆக்ஸில், கேபிள், செயின்னு ஒவ்வொண்ணும் சின்னதாத்தான் தெரியும், கூட்டிப் பாத்தா சில சமயம் ஃபிரேம் விலையவே தொட்டுடும். அதனால ஒரு பேப்பர்ல எல்லாத்தையும் எழுதி விலை போட்டு கூட்டு. என் கணக்கு என்னன்னா ஃபோர்க், வீல், கிராங்க் இந்த மூணும் அப்படியே புது ஃபிரேமுக்குப் பொருந்தணும், ஒண்ணு பொருந்தலன்னா யோசிக்கலாம், ரெண்டு பொருந்தலன்னா இந்த சைக்கிள முழுசா வித்துட்டு உன் சைஸ்ல பழைய சைக்கிள் ஒண்ணு முழுசா வாங்குறதுதான் லாபம். தனித்தனியா பிரிச்ச பார்ட்ஸுக்கும் வெறும் ஃபிரேமுக்கும் எங்கயும் நல்ல விலை வராது.

ஃபிரேம நேர்ல பாக்கப் போனா துணி ஒண்ணு எடுத்துட்டு போ. ஹெட் ட்யூபுக்கு அடியில கீழ்க் குழாயான டவுன் ட்யூப் சேருற இடம், சீட் ட்யூப் மேல் வெல்டிங், பாட்டம் பிராக்கெட்டச் சுத்தி, அங்க இருந்து பின் வீலுக்குப் போற செயின்ஸ்டே குழாய், இங்கெல்லாம் மண்ண துடைச்சிட்டு மொபைல் லைட்ட சாய்ச்சு அடிச்சு பாரு. பெயிண்ட்ல முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சு அது நகத்துல தட்டுச்சுன்னா வேண்டாம். வெல்ட் வச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, 6061 வகை அலுமினியத்த வெல்ட் பண்ணா அந்த இடத்துல பலம் போயிடும், திரும்ப ஹீட் ட்ரீட்மெண்ட் பண்ணாத்தான் வரும், அத தெருவோர வெல்டிங் கடையில யாரும் பண்ண மாட்டாங்க.

சரி, எல்லாம் பொருந்துதுன்னு வை, வேலைய ஆரம்பிக்கும் முன்ன, போஸ்ட்ட இறக்குறதுக்கு முன்னாடி எழுதி வச்ச சீட் உயரத்த கையில எடுத்துக்கோ, போஸ்ட் கோட்டுக்கு வெளிய இருந்தப்ப உனக்கு சௌகரியமா இருந்த அந்த உயரம்தான் புது ஃபிரேம்லயும் வேணும். கேபிள் எந்தப் பக்கமா போகுதுன்னு போட்டோ எடு. இடது பெடலும், பிஎஸ்ஏ பிராக்கெட்டோட செயின் பக்கமும் மரை தலைகீழ், அதாவது கடிகாரம் சுத்துற திசையில திருப்பினாத்தான் கழலும், பலத்த போட்டு உடைச்சிடாத. வீல் கழட்டினதும் பிரேக் பேடுக்கு நடுவுல அட்டை ஒண்ண சொருகிடு, அட்டை இல்லாம லீவர அமுக்கினா பிஸ்டன் வெளிய வந்து நிக்கும். பின் பிரேக்கோட ஆயில் குழாயான ஹோஸ் நீளம் பத்துமான்னு ஹேண்டில ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி பாரு. ஃபிரேமுக்கு உள்ள ஹோஸ் போற மாதிரி இருந்தா லீவர்கிட்ட கழட்டணும், ஹோஸ் நுனியில வர்ற ஆலிவ் வளையத்த புதுசா போட்டு, உள்ள இருக்குற காத்த வெளியேத்தி பிளீட் பண்ணணும், அதுக்கு என்ன ஆயில்னு லீவர்லயே எழுதியிருக்கும், மினரல் ஆயில் பிரேக்ல டாட்-ங்கிற வேற வகை ஆயில ஊத்தினா சீல் எல்லாம் கெட்டுடும்.

செயின்ஸ்டே 1 செ.மீ. நீளமா இருந்தா செயின் 2 செ.மீ. கூட வேணும். டெரெய்லர்ல கோக்காம முன்னாடியும் பின்னாடியும் இருக்குற பெரிய பல்சக்கரம் ரெண்டுலயும் சுத்தி வச்சு ஒரு ஜோடி லிங்க் மிச்சம் இருக்கான்னு பாத்துக்கோ, பின்னாடி சஸ்பென்ஷன் இருக்குற ஃபிரேம்னா அத முழுசா அமுக்கி வச்சு பாக்கணும். பழைய செயின் எவ்வளவு தேஞ்சிருக்குன்னும் ஸ்கேல் வச்சு அள, 12 இன்ச்ல வர வேண்டிய செயின் ஆணி 12 1/16 தாண்டி இருந்தா புதுசு போட்டுடு, 12 1/8 வந்திருந்தா பின் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டும் சேந்தே போயிருக்கும், அப்ப புது செயின மட்டும் போட்டா பழைய கேசட்ல தாவும்.

ஹெட்செட் கப்ப ஃபிரேம்ல இறக்குறத மட்டும் கடையில குடுத்துடு, அதுக்கு காசு பாக்காத. மத்தது எல்லாம் நீயே பண்ணிடலாம், அலன் கீ செட், பிராக்கெட் ஸ்பேனர், செயின் கட்டர் இருந்தா போதும், முறுக்குற பலத்த அளக்குற டார்க் ரெஞ்ச் மட்டும் யார்கிட்டயாவது கேட்டு வாங்கு. ஸ்டெம் போல்ட்ல எழுதியிருக்குற அளவுக்கு மேல முறுக்காத, பெரும்பாலும் 5, 6 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். டயர், கிரிப், பெடல் எதையும் இப்ப மாத்தாத, இருக்குறத ஓட்டு, மிச்சம் பண்றது அங்கதான். ஹெட்செட், ஸ்டெம், பிரேக் இந்த மூணுல பணம் பத்தலன்னா எனக்கு சொல்லு, நான் அனுப்புறேன், நீயா சமாளிக்காத.

விக்கிறவர்கிட்ட ஹெட் ட்யூப் நீளம், மேலயும் கீழயும் உள் விட்டம், பின் ஆக்ஸில் அகலம், சீட் ட்யூப் உள் விட்டம், பாட்டம் பிராக்கெட் அகலம் எல்லாம் அளந்து போட்டோவோட கேளு, ஸ்கேல் நம்பர் தெரியணும். உன் ஸ்பேசர நீ அளந்து அனுப்பு. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல ரெண்டு பேரும் உக்காந்து சேத்து பாத்துடலாம், நான் காலைல இருந்தே ஃப்ரீதான்.

அப்பா