கடனை எழுதச் சொல்லும் வசனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

தனிவாழ்விலும் பொதுவாழ்விலும் திருக்குர்ஆனின் வழிகாட்டலைக் கடைப்பிடிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தொழுகை, உணவு, உடை, அரசியல் என்று அது தொட்ட செய்திகளில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அதில் ஓரிடத்திலும் இடம்பெறாதது என்னை உறுத்தியது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமான ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தைச் சொல்கிறேன். தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதிக்கொள்ளுங்கள் என்பதே அதன் பொருள். இந்த ஒரு வசனத்தை நம் வீடுகளும், பள்ளிவாசலைச் சார்ந்த ஊர் அமைப்புகளான ஜமாஅத்துகளும் நடைமுறையில் கைவிட்டுவிட்டன என்பது என் வருத்தம்.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மூத்த மகன் நான். அத்தா 1998இல் மவுத்தானார் (இறந்தார்). இறந்தவருக்காக நடத்தும் ஜனாஸாத் தொழுகைக்கு முன் நான் எழுந்து நின்று, "என் அத்தா யாருக்காவது பணம் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள், நான் பொறுப்பு" என்று எல்லா வீட்டாரும் அறிவிப்பதைப் போலவே அறிவித்தேன். மூன்றாம் நாள் அத்தாவின் நெடுநாள் கூட்டாளி ஒருவர் வந்து, 40,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கடையின் பேரேட்டைப் புரட்டினோம். ஐந்து ரூபாய்க்குப் பருப்பு வாங்கிப் பற்று வைத்தவர்களின் பெயர்கூடத் தேதியோடு இருந்தது. இந்த 40,000 எங்கும் இல்லை. கூட்டாளியிடம் வாங்கியதை எழுதி வைப்பது நட்புக்கு இழுக்கு என்று அத்தா எண்ணியிருக்க வேண்டும். எங்களில் ஒருவர் சாட்சி உண்டா என்று கேட்டுவிட்டார். அந்தப் பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பணத்தைப் பிறகு கொண்டுபோய்க் கொடுத்தோம். ஆனால் அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்த நாட்களில்தான் இந்த வசனத்தைத் தமிழ் விளக்கத்தோடு முதன்முறையாக நிதானமாகப் படித்தேன். ஓதி முடித்த குர்ஆன்தான். ஆனால் பொருள் அன்றுதான் மனத்தில் இறங்கியது. இரு தரப்புக்கும் இடையில் ஓர் எழுத்தர் நீதியாக எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர், அல்லாஹ் கற்றுக்கொடுத்த அந்தக் கல்வியை நினைத்து, எழுத மறுக்கக் கூடாது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். இந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். கொடுத்தவர் சொல்லி எழுதினால் தொகை கூடக்கூடும், நிபந்தனை ஏறக்கூடும். வாங்கியவர் தம் வாயாலேயே சொல்லும்போது, அவர் மீது இல்லாத சுமை ஏறுவதில்லை. உள்ள சுமையை அவர் பிறகு மறுக்கவும் இயலாது. விவரம் போதாதவராகவோ, தளர்ந்தவராகவோ, சொல்ல இயலாதவராகவோ அவர் இருந்தால் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். அழைத்தால் சாட்சிகள் மறுக்கக் கூடாது. தொகை சிறியதானாலும் பெரியதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது. எழுதியவருக்கும் சாட்சிக்கும் எந்தத் தொல்லையும் தரக் கூடாது. கைக்குக் கை நடக்கும் வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்ற சலுகையும் அதே வசனத்தில் இருக்கிறது.

"என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்விதான் நம் ஊர்களில் எழுதுகோலைக் கீழே வைக்கச் செய்கிறது. மச்சானிடம் போய்க் கையெழுத்துக் கேட்பதா, கூடப் பிறந்தவனிடம் சாட்சி வைப்பதா என்று கூசுகிறோம். எழுதுவது கட்டாயக் கடமை அன்று, விரும்பத்தக்கது என்பதே பெரும்பாலான ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) அறிஞர்களின் கருத்து என்பதை நான் அறிவேன். ஒருவரை ஒருவர் நம்பினால், நம்பப்பட்டவர் தம் அமானிதத்தை (நம்பி ஒப்படைக்கப்பட்டதை) நிறைவேற்றட்டும் என்று அடுத்த வசனம் சொல்வதை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். குர்ஆன் விரிவுரையாளரான இமாம் தபரீ போன்றோர் கட்டாயம் என்றே கருதினார்கள். அந்த விவாதத்தைத் தீர்க்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் விரும்பத்தக்கது என்று சொல்லப்பட்ட உபரித் தொழுகைகளையும் நோன்புகளையும் இவ்வளவு ஆசையோடு நிறைவேற்றும் நாம், இதை மட்டும் ஏன் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறோம்? சந்தேகம் எழாமல் இருக்க எழுத்தே நெருக்கமான வழி என்று வசனமே காரணம் சொல்லியிருக்கும்போது, எழுதக் கேட்பவர் உறவைக் காக்கிறார் என்றுதானே நாம் கொள்ள வேண்டும்?

எனக்கு அதிகம் வலிக்கும் இடம் பெண்களின் நகை. கடைக்கு முதல் போடவும், விசாவுக்குக் கட்டவும், நாத்தனாரின் கல்யாணத்துக்கும் மனைவியின் கழுத்திலிருந்து கழற்றப்பட்ட பவுன் எத்தனை வீடுகளில் திரும்பியிருக்கிறது? மார்க்கச் சட்டப்படி அந்த நகை அவளுடைய தனிச் சொத்து. அவள் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் வேறு. திருப்பித் தருகிறேன் என்று வாங்கியிருந்தால் அது கணவர் மீதுள்ள கடன். கொடுக்கப்படாத மஹரும் (மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மணக்கொடையும்) அப்படியே. வாரிசுப் பங்கைச் சொல்லும் ஸூரத்துன் னிஸாவின் (நான்காம் அத்தியாயத்தின்) 11, 12ஆம் வசனங்கள், வஸிய்யத்தும் (மரண சாசனமும்) கடனும் தீர்ந்த பிறகே பங்கீடு என்று நான்கு முறை சொல்கின்றன. ஆயினும் கணவர் மவுத்தானதும் வீட்டையும் கடையையும் பிள்ளைகளும் உறவினரும் பங்கிடும்போது, இத்தாவில் (கணவரை இழந்தவர் காத்திருக்கும் காலத்தில்) இருக்கும் அந்தப் பெண்ணிடம் "உங்களுக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது?" என்று கேட்பவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். கேட்டாலும் அவள் காட்ட ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பித் தந்தையின் மனையில் வீடு கட்டிய மகன்களின் கதையும் இதே வகைதான்.

இது வீட்டோடு முடிகிற செய்தியும் இல்லை. இறந்த ஒருவரின் ஜனாஸா (உடல்) கொண்டுவரப்பட்டபோது, அவர் மூன்று தீனார் கடன் விட்டுச் சென்றிருக்கிறார் என்று அறிந்து, "உங்கள் தோழருக்கு நீங்களே தொழுகை நடத்துங்கள்" என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும், அந்தக் கடனுக்கு நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்ற பின்பே தொழுவித்ததும் புகாரீ என்ற நபிமொழித் தொகுப்பில் உள்ளன. பிற்காலத்தில் வெற்றிகளால் செல்வம் வந்தபோது, கடனோடு இறப்பவரின் கடனைத் தாமே அடைப்பதாக அறிவித்தார்கள். ஒரு மனிதரின் கைமாற்று சமூகத்தின் பொறுப்பாக அங்கே மாறுகிறது. நம் ஜமாஅத்துகளிலோ, பள்ளிவாசல் கட்டடத்துக்காக ஊர்க்காரர் ஒருவரிடம் வாய்ச்சொல்லில் வாங்கிய தொகையை, நிர்வாகம் மாறியதும் "பழைய நிர்வாகத்திடம் கேளுங்கள்" என்று கைகழுவியதை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவர் அல்லாஹ்வின் வீட்டுக்காக வாதாடக் கூசி விட்டுவிட்டார்.

நாட்டின் சட்டமும் எழுதியவருக்கே துணை நிற்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளே உண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால் கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள் என்ற 280ஆம் வசனத்தைப் பின்பற்ற விரும்புகிறவரும், அந்த அவகாசத்தை அதே தாளில் எழுதி வாங்கிக்கொண்டால், இரக்கத்தால் தம் உரிமையை இழக்க நேராது.

நிக்காஹ்வை (திருமணத்தை) பதிய ஒவ்வொரு ஜமாஅத்திலும் தஃப்தர் (பதிவேடு) இருக்கிறது. அதன் பக்கத்திலேயே கடன் பதிவேடு ஒன்றையும் வைக்கலாம் என்பது என் யோசனை. அதன் பக்கங்கள் ஊராருக்குக் காட்டப்படாமல், இரு தரப்பும் கேட்டால் மட்டும் திறக்கப்பட வேண்டும். ஹஜ்ரத்தோ (மார்க்க அறிஞரோ), ஓய்வுபெற்ற ஆசிரியரோ, வக்கீலோ வாரத்தில் ஒரு நாள் அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தால், எழுத மறுக்கக் கூடாது என்ற கட்டளைக்கு அவரும் பணிந்தவராவார். ஜமாஅத் தான் வாங்கிய கடனை அதே ஏட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

1994இல் தொழில் தொடங்க என் மனைவியிடம் நான் வாங்கிய 12 பவுனை, பவுனாகவே, போன மாதம் ஒரு தாளில் எழுதினேன். வாசகத்தை நான் சொல்ல, என் மகள் எழுதினாள். மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சியாகக் கையெழுத்திட்டார்கள். "இந்த வயசில் இது எதுக்குங்க?" என்று முதலில் மறுத்த என் மனைவி, தாளை வாங்கிப் படித்துவிட்டு, தன் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார். தவணைக்கு நான் சொன்ன தேதி வரும் ரமலான் தலைப்பிறை. முதல் இரண்டு பவுனுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கள் இதழில் இத்தகைய கடன் பத்திரத்தின் மாதிரி ஒன்றை, எளிய தமிழில், கத்தரித்து எடுத்துக்கொள்ளும் அளவில் வெளியிட்டு உதவுமாறு வேண்டுகிறேன்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இராமநாதபுரம் மாவட்டம்.