எண்ணுக்கு மருந்து, எலும்புக்கு மறதி: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, பொது சுகாதாரம் ஆகிய இயக்ககங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பும் முதியவர்களுக்கு நடைப்பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர் நான். இந்த வேலையில் மீண்டும் மீண்டும் கண்ணில் படும் ஒரு முரண்பாட்டைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன். முப்பது வயதில் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர், அலுவலகம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு 24 என்று வந்துவிட்ட ஒரே காரணத்துக்காக, எந்தத் தொந்தரவும் இல்லாமலே வாரம் ஒரு 60,000 அலகு வைட்டமின் டி தூள் பொட்டலத்தை (சாஷே) பாலில் கலந்து குடித்து வருகிறார். எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியோ குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு உடைந்து, அறுவை சிகிச்சை முடிந்து, தையல் பிரிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அவருடைய சீட்டில் வலி மாத்திரையும் சில நாட்களுக்கான கால்சியம் மாத்திரையும் இருக்கின்றன, அந்த எலும்பு ஏன் அவ்வளவு எளிதாக உடைந்தது என்ற கேள்விக்கு மட்டும் விடை இல்லை. பரிசோதனையும் மருந்தும் தேவை குறைந்தவரிடம் குவிந்து, தேவை மிகுந்தவரை எட்டாமல் போகும் இந்த நிலையைத் திருத்தப் புதிய கட்டடமோ புதிய திட்டமோ வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. இரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி (பரிசோதனையில் அளக்கப்படும் வடிவம்) எவ்வளவு இருந்தால் போதும் என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2011-இல் வெளியிட்ட அறிக்கை, மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தாலே ஏறத்தாழ எல்லோருடைய எலும்புத் தேவைக்கும் அது போதும் என்றது. அதே ஆண்டில் அந்நாட்டு அகச்சுரப்பியியல் கழகம் 30-ஐ எல்லையாக வைத்தது. நம் ஊர் ஆய்வுக்கூடங்கள் பலவும் இரண்டாவது எல்லையைப் பிடித்துக்கொண்டு, 30-க்குக் கீழே வரும் ஒவ்வொரு முடிவையும் தடித்த எழுத்தில் அச்சிட்டுத் தருகின்றன. 2024-இல் அதே கழகம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, 30 என்ற இலக்கைக் கைவிட்டதோடு, உடல்நலத்தோடு இருக்கும் வயதுவந்தோருக்கு வழக்கமான பரிசோதனையாக இதைச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிட்டது. அந்தச் செய்தி பரிசோதனை பேக்கேஜ் விற்பவர்களை இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை. எட்டினாலும் அவர்கள் அதைச் சுவரில் ஒட்டப் போவதில்லை. ஆகவே சொல்ல வேண்டிய பொறுப்பு அரசுடையது.

இதனால் வைட்டமின் டி குறைபாடே ஒரு கட்டுக்கதை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலில் உருவாகும் இந்தச் சத்து கல்லீரலிலும் பிறகு சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவுகிறது. அது மிகவும் குறைந்தவரின் குடல் உணவிலுள்ள கால்சியத்தில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காட்டை மட்டுமே எடுத்துக்கொள்ளும். போதுமான அளவு இருப்பவரிடம் அது முப்பது, நாற்பது விழுக்காடு வரை உயரும். பற்றாக்குறை நீடிக்கும்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி வேகமெடுத்து, இரத்தத்தின் கால்சிய அளவைக் காப்பாற்றுவதற்காக எலும்பிலிருந்து அதைக் கரைத்து எடுக்கிறது. கடுமையான குறைபாட்டில் வயதுவந்தோருக்கு ஆஸ்டியோமலேசியா எனப்படும் எலும்பு மென்மை நோய் வருகிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை, மாடிப்படி ஏறத் தொடையில் வலுவில்லை, விலாவை அழுத்தினால் வலிக்கிறது, நடை வாத்து நடையாக மாறிவிட்டது என்று வருபவர்களில் இந்த நோய் உள்ளவர்களும் இருக்கிறார்கள். வயசானால் அப்படித்தான் என்று கைகால் வலித் தைலம் கொடுத்து அனுப்பப்படுபவர்களும் இவர்களே. இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி ஆகியவற்றைப் பார்த்தாலே ஐயம் எழுந்துவிடும். வைட்டமின் டி பரிசோதனை உண்மையில் பயன்படுவது இவர்களிடம்தான். வலிப்பு நோய்க்கு நீண்டகாலம் பெனிடாயின் எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள், குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும்.

குறைபாடு இல்லாதவருக்கு மேலும் கொடுப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்று தெளிவான சான்று உள்ளது. அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட வைட்டல் ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 அலகு வைட்டமின் டி எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் இடையே எலும்பு முறிவில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை என்று 2022-இல் வெளியானது. அதில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் தொடக்கத்திலேயே போதிய அளவு கொண்டவர்கள். இதற்கு நேரெதிரான ஆய்வு 1992-இல் பிரான்சிலிருந்து வந்தது: முதியோர் இல்லங்களில் வசித்த, வெயில் படாத, வயது முதிர்ந்த 3,270 பெண்களில் கால்சியத்தோடு நாளொன்றுக்கு வெறும் 800 அலகு வைட்டமின் டி பெற்றவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு 43 விழுக்காடு குறைந்தது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. யாருக்குக் கொடுக்கிறோம், கால்சியத்தோடு சேர்த்துக் கொடுக்கிறோமா என்பவைதான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

அளவு கூடினால் பலன் கூடும் என்ற நம்பிக்கையும் பொய்த்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து இலட்சம் அலகைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கூடுதலாக விழுந்தார்கள், கூடுதலாக எலும்பு முறிந்தார்கள் என்று 2010-இல் முடிவு வந்தது. இங்கே ஆறு இலட்சம் அலகு ஊசியைச் சத்து ஊசி என்று கேட்டுப் போட்டுக்கொள்ளும் வழக்கம் இருப்பதை நினைத்தால் கவலையாக இருக்கிறது. 60,000 அலகு மருந்தை எட்டு வாரத்துக்கு வாரம் ஒன்று என்று எழுதுவது குறைபாடு உள்ளவருக்குச் சரியான சிகிச்சைதான். ஆனால் ஆங்கிலத்தில் அவசரமாக எழுதப்பட்ட சீட்டைப் படிக்கத் தெரியாமல் அதைத் தினமும் சாப்பிட்டால், ஒரே மாதத்தில் பதினெட்டு இலட்சம் அலகு உடலில் சேர்ந்துவிடும். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் உடல் இதை எளிதில் வெளியேற்றாது. வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், மனக்குழப்பம், இறுதியில் சிறுநீரகப் பாதிப்பு என்று அது போய் நிற்கும்.

இத்தனை வெயில் அடிக்கும் மாநிலத்தில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்ற கேள்வி நியாயமானது. சென்னையின் அட்சரேகைக்கு மிக அருகிலுள்ள திருப்பதியில் 2007-இல் வெளியான ஆய்வு, உடல்நலத்தோடு இருந்தவர்களிடமே குறைபாடு பரவலாக இருப்பதைக் காட்டியது. வயலில் வேலை செய்யும் கிராமத்தவருக்கு நகரத்தவரைவிட அளவு மேலாக இருந்தாலும், இரு தரப்பினர் உணவிலும் கால்சியம் குறைவாகவும், கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் கூடுதலாகவும் இருந்தன. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. காலை இளவெயிலில் நில்லுங்கள் என்று நாம் எல்லோரும் சொல்லி வருகிறோம். ஆனால் வைட்டமின் டி உருவாகத் தேவையான புறஊதா பி கதிர்கள் அந்த நேரத்தில் தரையை வந்தடைவது மிகக் குறைவு. திருப்பதியில் செய்த அளவீட்டின்படி முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான் தோலில் அது நன்றாக உருவாகிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் என்று சொன்னால் எவருக்கும் புரியும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் பலனில்லை. அதற்காகச் சித்திரை வெயிலில் வேலூரில் ஒரு மூதாட்டியை நண்பகலில் வெளியே நிற்கச் சொல்ல முடியாது. அது வேறு ஆபத்தில் முடியும். வீட்டைவிட்டு வெளியே வராத முதியவருக்கு நாளொன்றுக்கு 800 அலகு கொண்ட மாத்திரை எளிது, மலிவு, பாதுகாப்பு.

உணவை மட்டும் நம்பவும் இயலாது என்பதற்கு ஒரு சிறிய கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வயதுவந்தோருக்குப் பரிந்துரைத்த அளவு நாளுக்கு 600 அலகு வைட்டமின் டி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 அலகு இருக்கும். கால் லிட்டர் குடிப்பவருக்கு அதிகபட்சம் 75 கிடைக்கும். செறிவூட்டிய எண்ணெயில் நாளுக்கு 20 கிராம் சேர்த்தால் ஏறத்தாழ 90 முதல் 130 அலகு. மத்தி மீனும் முட்டை மஞ்சளும் கொஞ்சம் கூட்டும். எல்லாம் நல்லதே, ஆனால் தேவையில் பாதியைத் தொடவே சிரமம். கால்சியத்தில் நிலைமை வேறு; அதைச் சமையலறையிலேயே பெருமளவு ஈடுகட்டலாம். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. ஊறவைத்து முளைகட்டினாலும் கூழுக்குப் புளிக்கவைத்தாலும் பைட்டேட்டும் குறைகிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் தயிரும் எள்ளும் இருக்கின்றன. நாளுக்கு 1,000 மில்லிகிராம் என்ற பரிந்துரையை எட்ட இவற்றை எப்படிச் சேர்ப்பது என்று மருத்துவமனையில் சொல்லித்தர ஆளில்லை. கால்சியம் மாத்திரையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது என்பதைக்கூட என்னிடம் வரும் பலர் கேள்விப்பட்டதில்லை.

இனி, துறை செய்ய வேண்டியவை. இவற்றுள் முதன்மையானது அரசு மருத்துவமனைகளின் எலும்பு முறிவுப் பிரிவைச் சார்ந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் நின்ற நிலையிலிருந்து விழுந்து மணிக்கட்டையோ இடுப்பையோ முதுகெலும்பையோ முறித்துக்கொண்டு வந்தால், எலும்பு மெலிவு உண்டு என்று கருதியே அவரைக் கையாள வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இல்லை என்பது காத்திருக்கக் காரணமாகாது. இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு 90 நாட்களுக்குள் எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமிலம் என்ற மருந்தை ஆண்டுக்கு ஒருமுறை இரத்த நாளம் வழியே செலுத்தியபோது, புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்புகள் 28 விழுக்காடும் குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த மருந்துக்கு முன்பாக வைட்டமின் டி குறைபாட்டைச் சரிசெய்தாக வேண்டும், இல்லையெனில் இரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். 60,000 அலகு சாஷேக்கு உண்மையான வேலை இருப்பது இங்கேதான். எலும்பை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சையைக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்து கொடுக்கும் அரசு, அடுத்த எலும்பு உடையாமல் இருப்பதற்கான மருந்தையும் வீடு திரும்பும் நாளிலேயே தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

அடுத்தது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீடு தேடிச் செல்லும் பணியாளர்களும், என்னைப் போன்ற இயன்முறை மருத்துவர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்கள் படிவத்தில் மூன்று கேள்விகள் கூடினால் போதும்: சென்ற ஆண்டில் விழுந்தீர்களா, ஐம்பது வயதுக்குப் பின் எலும்பு முறிந்ததா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா. விடை கவலை தருமானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பட்டும். வீட்டோடு முடங்கிய முதியவருக்கு அன்றாட அளவிலான வைட்டமின் டியும் கால்சியமும் அந்த மருந்துப் பையிலேயே சேரட்டும். குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா, தூக்க மாத்திரை தொடர்கிறதா என்று பார்ப்பதும் அதே வருகையில் முடியும் வேலைதான்.

அரசு மருத்துவமனைகளின் முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் எல்லோருக்கும் பொதுவாக வைட்டமின் டியைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை வருமானால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அந்தச் செலவு நான் மேலே சொன்ன நோயாளிகளின் பரிசோதனைக்குப் போகட்டும். வாராந்திர மருந்து வழங்கும் ஒவ்வொரு மருந்தகத்திலும் கிழமையையும் மொத்த வாரங்களையும் தமிழில் எழுதிய சீட்டை உறையில் ஒட்டித் தருவதைக் கட்டாயமாக்குங்கள்.

இவற்றை ஒரே நாளில் மாநிலம் முழுவதும் தொடங்க இயலாது என்பது எனக்குத் தெரியும். முதலில் ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேருக்கு எலும்பு மருந்து தொடங்கப்பட்டது, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதைத் தொடர்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்